உலை வைக்கத் தெரியாத பட்டாளத்துச் சமையல்காரர்

இன்று காலை சாதத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். தீய்ந்த வாசனை வந்ததும் உங்கள் நினைப்புத்தான். உங்கள் படத்துக்குப் பூ வைக்கப் போனவள் சிரித்துவிட்டேன்.

பட்டாளத்தில் சமையல்காரர் என்று சொல்லித்தானே என்னைக் கட்டினீர்கள்? உங்கள் கடிதங்களை எல்லாம் தேதிவாரியாக நோட்டில் குறித்து வைத்திருந்தேன். என்ன சமைத்தீர்கள் என்று ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. வேறு குடும்பம் இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். சாமி மன்னிக்கட்டும்.

எல்லையில் சண்டை மூளும் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம், லீவில் வந்தீர்கள். குன்றாண்டார்கோவிலில் அன்னதானம். என் சித்தப்பா உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, பட்டாளத்துக்கே ஆக்கிப் போடுறீங்க, நம்ம சாமிக்கு ஒருநாளு ஆக்கக் கூடாதா?"

மறுக்க வழியில்லை. அண்டா முன்னால் நின்றீர்கள். உலை கொதிக்கும் முன்பே அரிசிக் கூடையைத் தூக்கினீர்கள். ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்தேன்.

"அவங்களுக்குக் காய்ச்சல். தள்ளுங்க, நான் பாக்குறேன்."

"அப்ப பட்டாளத்துலயும் நீதான் போயி ஆக்குறியா ஆத்தா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களிடமிருந்து அரிசிக் கூடையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே உடனே வரச்சொல்லித் தந்தி. பஸ் ஸ்டாப்பில் கேட்டுவிட்டேன்.

"நெசமா என்ன வேலைங்க பாக்குறீங்க?"

"சமையக்காரன் இல்ல. அதுக்கு மேல கேக்காத. இன்னொரு தடவ கேட்டா ஒன்கிட்ட சொல்லிப்புடுவேன். சொன்னா, எல்லைக்கு அங்கிட்டு என்னைய நம்பி இருக்கிற ஆளுங்க உசுரு போயிரும்."

எல்லைக்கு அங்கிட்டா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். உங்கள் முகத்திலேயே அது தெரிந்தது. பஸ் வந்தது.

"வேளைக்குச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சண்டை முடிந்து, இளைத்துப்போய் வந்து சேர்ந்தீர்கள். ஓய்வு பெற்ற பின்னும் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையின் அட்லஸை எடுத்து அந்த எல்லைக்கோட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். நீங்கள் மதியத் தூக்கத்தில் புரியாத பாஷையில் பேசினால், ஒரு வார்த்தைக்காவது காது கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் தட்டி எழுப்பிவிடுவேன்.

இனி நான் கேட்டாலும் உங்களால் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில் தினமும் பூஜை முடிந்ததும் ஒன்றொன்றாகக் கேட்கிறேன். இன்றைக்குக் கேட்பது இது: அங்கே உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? நம் ஊர்ப் பேருக்கு மோட்ச விளக்கு ஏற்றிவிட்டேன். அந்தப் பேருக்கு இன்னும் ஏற்றவில்லை.