விசில் அடித்த குழாய்

பிப்ரவரி 10, திங்கள்

இதனால் தாராவிவாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது: சுடலைக்கண்ணனாகிய நான், வயது பதினான்கு, நாளை முதல் எங்கள் வீட்டின் தண்ணீர்த் துறை அமைச்சர். காலை ஐந்தரைக்கு வாசல் குழாயில் தண்ணீர் வரும், ஆறேகாலுக்கு நின்றுவிடும். வழக்கமாகப் பிடிப்பவள் பூமாரி அக்கா. அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

"அவ படிக்கட்டும், நீ பிடி. டிரம்மு காலியா கெடந்துச்சு, அன்னைக்கு ஒனக்குச் சோறு கெடையாதுல" என்றாள் அம்மா. பதவிப் பிரமாணம் முடிந்தது.

ஐந்தரை என்று காலையிலும் ஒன்று இருக்கிறதா?

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா உலுக்கினாள். நான் எழவில்லை. அவளே பிடித்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை, நல்லவள்.

கீதா டீச்சர் பலகையில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதினார்: ரிசோர்ஸ்ஃபுல். கையில் இருப்பதை வைத்தே காரியத்தை முடிப்பவர். "ஜுகாட்!" என்று பின்பெஞ்சு கத்தியது; இருப்பதை வைத்து ஒப்பேற்றும் வேலைக்கு இந்தியில் அதுதான் பேர். டீச்சர் திருத்தினார்: "அது செஞ்ச வேலைக்கு. இது செய்யுற ஆளுக்கு. வெள்ளிக்கிழமை அப்படி ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும்."

எதற்குத் தேட வேண்டும்? வீட்டில் கண்ணாடி இருக்கிறதே.

பிப்ரவரி 12, புதன்

தண்ணீர் வருமுன் குழாய் புஸ்ஸென்று காற்று விடும். நேற்று மாலை என் வகுப்புத் தோழன் தௌசீப்பின் ஃபுட்பால் விசிலைக் குழாய் வாயில் சைக்கிள் டியூப்பால் கட்டினேன். இன்று காலை பீ...ப்! துள்ளி எழுந்தேன். அக்கா அதற்குள் விசிலைக் கழற்றியிருந்தாள். "ஒன் மெசினு நல்லாத்தாம்ல கத்துது."

பிப்ரவரி 13

பீ...ப். ஆஹா, நான்!

பிப்ரவரி 14, வெள்ளி

வகுப்பில் என்னைப் பற்றியே பேசினேன். டீச்சர் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கட்டம் போட்டார். "விசில் என்னோடதுடா, பாதிப் பேரு எனக்கு" என்றான் தௌசீப். ஊதியது குழாயாக்கும். பேரில் பங்கு கேட்க அதற்கப்புறம்தான் இவன்.

பிப்ரவரி 15, சனி

கொசு கடித்து முன்னாலேயே விழிப்பு. என் மெஷின் கூவும் அழகைப் பார்க்கப் படுத்தபடியே காத்திருந்தேன்.

குழாய் புஸ்ஸென்றது. விசில் மூச்சே விடவில்லை. குழாயடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா டியூப்பை அவிழ்த்தாள், விசிலைத் துப்பட்டாவில் துடைத்தாள், வாயில் வைத்தாள் — பீ...ப்!

"அக்கா! எத்தன நாளா?"

"மொத நாள்லேர்ந்தே."

"ஏங்க்கா?"

"நான் உலுக்கினா நீ எந்திக்கியால? ஒன் மெசினு கூப்பிட்டாத்தான தொர துள்ளி எந்திக்கிய. எனக்குப் படிப்பும் ஆச்சு, வீட்டுக்குத் தண்ணியும் ஆச்சு."

அவள் கையில் இருந்தது ஒரு விசில், ஒரு தம்பி, தம்பியின் தலைக்கனம். அதை வைத்தே காரியத்தை முடித்துவிட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

விசில் இல்லாமலே எழுந்தேன். ஒரே உலுக்கலில். சரி, மூன்று.

வகுப்பில் கட்டத்துக்குள் இருந்த என் பெயரை அழித்துவிட்டு, பூமாரி என்று எழுதினேன்.

"யாருடா இது?" என்றார் டீச்சர்.

தலையைச் சொறிந்தேன். "குழாய் ஒருநாளும் ஊதல டீச்சர். ஊதினது எங்க அக்கா."