மேலச் சுவரில் பூசணம்

1943, வைகாசி 18

உள்ளறையில் மலையைப் பார்த்த மேலச் சுவரில் பூசணம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. சித்திரையில் பார்த்தபோது முழங்கால் அளவுதான். பச்சையும் கறுப்புமாக, துடைத்தால் கையோடு வருகிறது, மறுநாள் அதே இடத்தில் நிற்கிறது.

வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு இது. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் துட்டி வீடு என்று அடிக்கவில்லை. அந்த வருஷம் முடியும் முன்பே மகன் சுந்தரபாண்டியனும் காய்ச்சலில் போய்விட்டான். புருஷனுக்கு ஒரு பொங்கல், மகனுக்கு ஒரு பொங்கல், இரண்டுக்கும் சுவர் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. பூசணத்துக்கு என்ன மரியாதை தெரியும்?

பேத்தி வள்ளிக்கு மறுபடி இழுப்பு. மருமகள் கோமதி அவளை நிமிர்த்தி மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வயசுப் பிள்ளை நெஞ்சில் இருந்து பூனைக்குட்டி மாதிரிச் சத்தம் வருகிறது.

வைகாசி 21

கடற்கரை என்கிற கொத்தனார் வந்தான். கூலி பேசுகிற இடத்தில் மூளிக்காதோடு நான் நின்றதில்லை. பாம்படத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றேன். சுவரைத் தட்டினான், மோந்து பார்த்தான். “மேலாக்கச் சுரண்டி, பூசணம் சாவ மயில்துத்தம் கலந்து ரெண்டு தரம் அடிச்சாப் போதும் ஆச்சி. பதினஞ்சு ரூவா.” சரி என்று கட்டிலை நகர்த்திக் காட்டினேன். கட்டிலுக்குப் பின்னாலும் அதே கோலம். “இங்கனயும் இருக்கா” என்று இருபத்தைந்துக்குப் போய்விட்டான். சண்டையில் துத்தம் கிடைக்கவில்லையாம், சித்தாள்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்களாம், சுண்ணாம்புக் காளவாசலில் விறகு இல்லையாம். என் வீட்டுச் சுவருக்கும் ஜெர்மன்காரன்தான் பொறுப்பு போல.

அவன் போனதும் கோமதி சொல்கிறாள்: “காதுல அம்புட்டுப் பொன்னை ஆட்டிக்கிட்டு நின்னா அவன் எப்படிக் குறைப்பான், அத்தே?”

தாலியைக் கழற்றிய அன்றுகூட இந்தப் பாம்படத்தைத் தொட எவளுக்கும் துணிச்சல் வரவில்லை. பத்து ரூபாய்க்காகக் கழற்றுவேனா?

வைகாசி 24

சாரல் கட்டிவிட்டது. அருவிக்கு ஆள் வரும் என்று குற்றாலமே சந்தோஷமாக இருக்கிறது. என் வீட்டில் இனி எது காயும்?

வைகாசி 27

வண்டி கட்டித் தென்காசி போய் டாக்டரிடம் காட்டினோம். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். “மருந்து தாரேன். ஆனா அந்தக் காத்தைக் குடிச்சுக்கிட்டே இருந்தா மருந்து என்ன செய்யும்? சுவரைச் சரி பண்ணுங்க. இல்லன்னா பிள்ளையைக் காஞ்ச ஊர் எதுக்காவது அனுப்புங்க” என்றார்.

காய்ந்த ஊர். கோமதி பிறந்த வாசுதேவநல்லூர் காய்ந்த ஊர்தான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வள்ளிக்கு அப்படியே என் மகனுடைய நெற்றி. அவளும் போனால் இந்த வீட்டில் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்க?

ஆனி 2

கோமதியின் அப்பா தங்கசாமி வந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு, “ஆளு, சுண்ணாம்பு எல்லாம் நான் வண்டியில அனுப்புதேன் அக்கா. நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்” என்றார்.

“இந்த வீட்டுச் சுவருக்கு இந்த வீட்டுக் காசுதான் ஏறணும், தம்பி” என்றேன்.

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, “அப்ப ஆடி பிறக்கதுக்குள்ள முடிச்சிருங்க. ஆடியில எந்தக் கொத்தனும் புதுசா வேலை தொடங்க மாட்டான். முடியலன்னா நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆனி 5

கடற்கரையிடம் ஆடிக்குள் முடியணும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்கு இழுப்பு என்பதையும் சொல்லித் தொலைத்தேன். நாற்பது ரூபாய் ஆகிவிட்டது. “சாரல்ல பூசுனா கரி மூட்டிலா காய வைக்கணும் ஆச்சி. கரி என்ன விலை விக்குது தெரியும்லா?” கரிக்குப் பாதி, என் வாய்க்குப் பாதி. ஒப்புக்கொண்டேன். விதை நெல்லில் கை வைத்தாகிவிட்டது.

ஆனி 11

காரையை உதிர்த்தார்கள். உள்ளே செங்கல் இல்லை. மண்.

“செங்கல்லுன்னு சொன்னீகளே ஆச்சி” என்றான் கடற்கரை. சித்தாள் பெண் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். முன்கட்டு மட்டும்தான் செங்கல்லாம், பின்னால் எல்லாம் மண்ணாம். நாற்பது வருஷம் நான் செங்கல் வீட்டுக்காரி என்று நிமிர்ந்து நடந்திருக்கிறேன். அவர் ஒருநாளும் சொல்லவில்லையே.

மலைத் தண்ணீர் அடியில் ஊறி ஏறுகிறதாம். துத்தம் எவ்வளவு அடித்தாலும் நிற்காதாம். சுவரைப் பிரித்து, அடியிலிருந்து கருங்கல்லில் கடைக்கால் எடுத்து, பின்னால் தண்ணீர் போக வழி வெட்டினால்தான் பூசணம் போகும் என்றான். எவ்வளவு என்றேன். சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். அது ஒரு சுவரின் விலை இல்லை. அதைக் கொடுக்க முடிந்தாலும் ஆடிக்குள் முடியாதாம்.

பூசிவிடு என்றேன்.

“நிக்காது ஆச்சி.”

“பூசுலே.”

ஆனி 16

உள்ளறையில் கரி மூட்டம். புகை வீடெல்லாம் சுற்றி வந்தது. வள்ளி இருமி இருமிக் கண் சிவந்து போனாள். பக்கத்து வீட்டு மெஹர் பானு உள்ளே வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். “சுவரைக் காய வைக்கேன்னுட்டுப் பிள்ளையைப் போட்டு வாட்டுதீகளே” என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனாள். நான் கரியைக் கிளறிவிட்டேன்.

ஆனி 20

வெள்ளையடித்து முடிந்தது. சுவர் பளிச்சென்று இருக்கிறது. வள்ளி கன்னத்தை அதில் வைத்து, “குளுகுளுன்னு இருக்கு ஆச்சி” என்றாள். தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

நாளை வெயில் அடித்தால் காய்ந்துவிடும்.

ஆனி 22

வெயில் இல்லை.

ஆனி 27

வந்துவிட்டது. தரையோரம் மஞ்சளாக ஒரு கோடு, அதற்கு மேல் மிளகு தூவினாற்போலப் புள்ளிகள். கட்டிலை இழுத்து மறைத்து வைத்தேன். யாரிடமிருந்து மறைக்கிறேன்? கோமதி பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கொடியில் இருந்த பிள்ளை பாவாடைகளை மடித்து எடுத்து வைத்தாள்.

ஆனி 31

தங்கசாமி வில்வண்டியோடு வந்தார். வள்ளிக்குப் புதுப் பாவாடை. மாட்டைத் தொடப் போகிறோம் என்பதுதான் அவளுக்குப் பெரிசு. கோமதி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “நீங்களும் வாங்க அத்தே” என்றாள். மனசோடுதான் சொன்னாள். வீட்டை யார் பார்ப்பது என்றேன்.

நாளைக்கு ஆடி. ஒரு உழக்கு அரிசி போதும். அளந்து போட்டுப் பழக வேண்டும்.

ஆவணி 9

வாசுதேவநல்லூர் போய் வந்தேன். வள்ளி தெருமுனையில் இருந்து ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஓடி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. முதுகில் காதை வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. இழுப்பு இருக்காதா என்று ஒரு நொடி தேடினேனோ? சீ.

தங்கசாமி குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஐப்பசி 14

மழை. உள்ளறையை அடைத்துப் போட்டேன்.

மார்கழி 22

கடற்கரை தானாகவே வந்தான். மழை விட்டுவிட்டதாம், கையில் வேலை இல்லையாம். “அந்தச் சுவரைப் பிரிச்சே கட்டித் தாரேன் ஆச்சி. அன்னைக்குச் சொன்னதுல பாதி குடுங்க. இப்ப கரியும் வேண்டாம், அவசரமும் இல்லைலா” என்றான்.

அவசரம் இல்லைதான்.

உள்ளறைக் கதவைத் திறந்தவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாத்தினான். பொங்கல் வருகிறது, துட்டி வருஷம் கழிந்துவிட்டது, தெருவில் எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டு நின்றான்.

தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போ என்றேன்.