பியானோ தூக்கிய ஏழாவது ஆள்

என் சண்டைக்கார அப்பாவுக்கு,

அந்த நாவலை நேற்று முடித்துவிட்டேன். நீ கண்ணை மூடிய பிறகு மூன்று மாதம் அதைத் தொடவே இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல் எப்படிப் படிப்பது?

ஞாபகம் இருக்கிறதா? நோய் வந்து உலகமே காலியான பிறகு, மிச்சமிருக்கும் ஆறு பேர் ஒரு பியானோவை ஊர் ஊராகத் தூக்கிப்போய் வாசிக்கிற கதை. பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே நான் படிப்பதைக் கேட்பாய். ஒரு நாள் பாதியில் என்னை நிறுத்திச் சிரித்தாய்.

"பீச் பக்கம் பிரெஞ்சுக்காரர் வீட்டுல நான் பியானோ தூக்கியிருக்கேன் பாப்பா. எட்டுப் பேரு சேர்ந்தே படியில முக்குனோம். பட்டினி கிடக்கிற ஆறு பேரு தூக்குவானுங்களா? இத எழுதுனவன் ஒரு மூட்டைகூடத் தூக்கியிருக்க மாட்டான்."

"பாட்டு வேணும்னு நெனச்சா தூக்குவாங்கப்பா!" என்று கத்தினேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. பொய்க்கதை என்று சொன்னதோடு போய்விட்டாய். நான் உயிராக நினைத்த புத்தகம் உனக்கு வெறும் பொய்தானா? இத்தனை நாள் என்னை அரித்தது இதுதான்.

இன்று காலை அம்மா தக்காளி வாங்க அனுப்பினாள். மார்க்கெட் வாசலில் உன் கூட்டாளி முருகேசன் மாமா பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அந்தக் கதை இன்னா ஆச்சு? உங்கப்பன் தெனம் டீ குடிக்கும்போது சொல்லுவான். பாதியில வுட்டுட்டுப் பூட்டான்."

"அப்பாவா? கதையா?"

"ஆமா. அந்த ஏழாவது ஆளு, நம்ம பாண்டிச்சேரிக்காரன், தலையில சும்மாடு கட்டிக்கினு முன்பக்கம் புடிக்கிறானே, அவன் பொழைச்சானா இல்லியா?"

அப்பா! புத்தகத்தில் ஆறு பேர்தான். முடியாது என்று என்னிடம் வாதாடிவிட்டு, அங்கே கதைக்குள் நீயே ஏழாவது ஆளாகப் போய்க் கை கொடுத்திருக்கிறாய்!

சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அதற்குள் டீ கிளாசோடு ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், நாவலில் நீதான் ஜெயித்தாய். கடைசி மேட்டில் ஏற்ற முடியாமல் பியானோவை அடிவாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இவர்களிடம் நான் அப்படிச் சொல்லவில்லை. ஏழு பேரை வைத்துச் சொன்னேன். ஏற்றிவிட்டார்கள்.

"அதான பார்த்தேன்! புடிமானம் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்ல?" என்றார் முருகேசன் மாமா. "மேல போயி?"

"அவனை முன்னாடி உட்கார வெச்சு வாசிச்சாங்க மாமா. அவன் கேட்டுக்கிட்டே தூங்கிட்டான்."

முருகேசன் மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒருவர், "பாவம், அசதி" என்றார்.

நூலகத்துக்குத் திரும்பிப் போகும் புத்தகத்தில் ஆறு பேரே இருக்கட்டும். என் வாயால் யாருக்குச் சொன்னாலும் ஏழு பேர்தான் அப்பா. இது சத்தியம்.

உன்னிடம் தோற்றும் ஒத்துக்கொள்ளாத
உன் மூத்த மகள்
கயல்