ஹீட்சிங்கோடு வந்த பிராசஸர்

வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் வழக்கம்போல நலம். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எரிந்து விழுவாய். கேட்கவில்லை என்று வைத்துக்கொள். சமையலறைச் சுவருக்கு மஞ்சள் அடித்தோம். பக்கத்து வீட்டுத் தையற்காரர் கண் கூசுகிறது என்கிறார். கூசட்டும்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு அம்மாவுக்குத் தேர்வு. பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள், இனித் தானே பல் சுத்தம் செய்யலாம் என்று சான்றிதழ் தரும் தேர்வு. ஒருமுறை தவறிவிட்டாள். இது கடைசி வாய்ப்பு. வீட்டிலிருந்து, பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். நீ வெளியூர் போகும்முன் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தாயே, அதுதான். முந்தின நாள் முழுக்க அதன் விசிறி உறுமியது. தேர்வின் நடுவில் அணைந்துவிட்டால்? தூசி தட்டி, சூட்டைக் கடத்தும் புதுப் பசை வைக்கலாம் என்று, காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் திறந்தேன். விசிறிக்குக் கீழே சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டை, அந்த ஹீட்சிங்க், அசையவில்லை. எனக்கு முப்பது வருடக் குழாய் வேலை. அசையாததை இழுத்துத்தான் பழக்கம். இழுத்தேன். வந்தது. அடியில் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய பசை சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. போர்டில் அதைப் பிடித்திருந்த பூட்டிலிருந்து பிய்ந்து வந்ததில், தொள்ளாயிரத்துச் சொச்சம் ஊசிக்கால்களில் மூன்று வளைந்து கிடந்தன. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனேன். அம்மா தலையில் துண்டோடு வந்து நின்றாள்.

கத்தவில்லை. இது என்ன குழாயா, காலை ஊன்றி இழுக்கறதுக்கு, அதைக் கீழ வைங்க முதல்ல என்றாள். ஹேர் டிரையரை எடுத்து வந்து கட்டையைச் சூடாக்கச் சொன்னாள். பிறகு பல் இடுக்கில் விடும் மெழுகு நூல். ஒரு மூலையில் நுழைத்து, இரண்டு விரலில் சுற்றி, மெல்ல அறுத்துக்கொண்டே போனாள். அவசரப்பட்டால் பல்லின் வேர் உள்ளேயே உடையும் என்றாள். இதுகிட்ட வாயைத் திறங்கன்னு கெஞ்ச வேண்டியதில்ல, அதுவே பெரிய நிம்மதி என்றும் சொன்னாள். அரை மணி நேரம். லேசாக ஒரு திருகு. டக்கென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. உன் மேஜை இழுப்பறையிலிருந்த மெக்கானிக்கல் பென்சிலில் ஈயக்குச்சியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை வளைந்த காலில் மாட்டி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பத்தொன்பது வருடமாக அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, வாசலிலேயே ஏற்றி வந்திருக்கிறேன். உள்ளே அந்தக் கைகள் என்ன செய்யும் என்று பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவசரமே இல்லை.

ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துப் பழைய பசையைத் துடைத்தாள். பிராசஸரை மூலைக்குறி பார்த்து வைத்தாள். அழுத்தவில்லை, தானாக இறங்கியது. புதுப் பசை, கட்டை, விசிறி. இரண்டு இருபதுக்குத் திரை விழித்தது. தலை வாரிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். படிக்க வைத்திருந்த கடைசி நாலு மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன் என்பதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. நீயும் உன்னுடையதைத் திறந்தால், முதலில் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்று. பிறகு அணைத்துவிட்டு, இழுக்காமல் திருகு.

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டாள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் உனக்குச் சொல்வாளாம், ஆகவே அப்போது புதிதாகக் கேட்பது போலக் கேள். நடிப்பு உனக்கு வராது. முயற்சி செய். தேர்வன்று காலை எப்படிப் போச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, வீட்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு டாக்டர் என்றுதான் சொன்னாளாம். உன்னிடமும் அப்படித்தான் சொல்வாள். அவள் சொல்வதில் நான் செய்தது இருக்காது. அதனால்தான் நானே எழுதினேன்.

எந்தக் குறையும் அண்டாமல் நன்றாக இரு. பதில் போடும்போது உறையில் என் பெயரை மட்டும் எழுது.

உன் அப்பா