அப்பாவுக்காக நான் வைத்த சொல்லாத விண்ணப்பம்

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம். தானும் சுகம் என்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்து அறையிலிருந்து அதட்டுகிறார். அவர் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் முழுக்கப் படி.

கொஞ்ச நாளாக அப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. என்னிடமே மறைத்தார், வீட்டில் துணி துவைக்கிறவள் யார் என்பது மறந்துவிட்டது போல. விச்சிட்டா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி. பார்க்க நன்றாக இல்லை, தள்ளிப் போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். நம்மிடம் இன்சூரன்ஸ் என்றைக்கு இருந்தது, சபைகள் சேர்ந்து நடத்தும் வைத்தியப் பங்கீடுதானே. மாதாமாதம் நம் பங்கு முகம் தெரியாத ஒரு நோயாளிக்குப் போகிறது, நமக்கு வந்தால் ஊர் ஊராக விசுவாசிகள் நமக்கு அனுப்புவார்கள், கூடவே ஜெப அட்டையும் வரும். ஜெபிக்கிறவர்களுக்கு வியாதி தெரிய வேண்டாமா, அதனால் பேரும் வியாதியும் பங்கீட்டின் மாத இதழில் அச்சாகும். அங்கேதான் உன் அப்பா முரண்டு பிடித்தார். "என் பின்பக்கத்துக்கு அமெரிக்கா பூரா முழங்கால் போடணுமாக்கும்? அதுக்கு நான் செத்தே போறேன், விடு" என்றார். ஏலத்தில் மாட்டின் மடியையும் பல்லையும் ஊர் கேட்கக் கூவி விற்கிற மனுஷனுக்கு வெட்கத்தைப் பார்!

நான் சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கையைத் தூக்கி, என் வீட்டுக்காரர் வெண்டலுக்காக ஒரு சொல்லாத விண்ணப்பம் என்றேன். விவரம் கேட்காமல் ஜெபிப்பதுதானே முறை. ஜெபித்தார்கள். கேட்கவில்லை, ஆனால் யூகிக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வேறு வந்து தொலைத்தது. அப்பா இளைத்திருக்கிறார், முகம் வெளுத்திருக்கிறது, பிரசங்கத்தின் நடுவில் நழுவி வெளியே போகிறார். சபையில் வம்பளக்கிற லவோனுக்கு இது போதாதா, வெள்ளிக்கிழமைக்குள் அப்பா குடிகாரர் ஆகிவிட்டார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வியாழக்கிழமையே ஆக்கியிருப்பேன்.

இதற்குள் அப்பாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன், இதழில் வயிற்றுக் கோளாறு என்று மட்டும் போடுவதாக ஏற்பாடு. ஆனால் ஆள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று பங்கீட்டுத் தாளில் சபை டீக்கன் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை டீக்கன் மெர்வின் வந்தார், மனைவியோடு, அடுப்பில் சுட்ட நூடுல்ஸ் கேசரோலோடு, மதுவின் தீமை பற்றிய துண்டுப் பிரதியோடு. "முதல்ல மனந்திரும்புங்க பிரதர், கையெழுத்து எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருக்க அப்பா வியாதியைச் சொல்வாரா? முகம் பீட்ரூட்டாகி, "நான் குடிக்கறதில்ல மெர்வின்" என்றார். "எல்லாரும் இப்படித்தாங்க ஆரம்பிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரம் வியாழன் ஆப்பரேஷன். கையெழுத்து இல்லாவிட்டால் பங்கீடு இல்லை, பண்ணையை விற்றாலும் பில் கட்ட முடியாது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீ வாயத் திறந்தா நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன்" என்றார் அப்பா. கெசியா, ஞாயிறு காலை வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதையே நீ ஒரு சாட்சியாகச் சொல்லலாம்.

ஆராதனையில் அவரவர் எழுந்து பேசும் சாட்சி நேரம் வந்தது. அப்பா எழுந்து நின்றார். கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போகிறேன் என்பாரோ என்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஏலக் குரலிலேயே ஆரம்பித்தார். "நான் நடுவுல எழுந்து போனது பாட்டிலுக்கு இல்ல, கக்கூசுக்கு. எனக்குப் பின்வழியா ரத்தம் போகுது, உள்ள கட்டி இருக்கு. ஜெபிக்கிறவங்க சரியான இடத்துக்கு ஜெபிங்க, என் ஈரலுக்கு ஜெபிச்சு வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். லவோன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் மெர்வின் வெளியே வந்து எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார், மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து, "பிரதர், உங்களுக்கு முதமுதல்ல எப்படி இருந்துச்சு? எவ்வளவு போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா வண்டியிலிருந்து இறங்கி அவர் தோளில் கையைப் போட்டு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை இரண்டு பேரும் அதே டாக்டரிடம் போனார்கள், மனைவியிடம் டிராக்டர் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம் மெர்வின். அவருக்கு என்ன என்று இன்னும் முடிவு வரவில்லை. லவோன் இரண்டு முறை போன் செய்தாள், கோழிகளைப் பற்றி மட்டும் பேசினேன்.

அந்த வியாழன் அதிகாலை அப்பாவுக்குப் போன் செய், மறந்துவிடாதே. பயப்படாதீங்க அப்பா என்று மட்டும் சொல்லாதே, பயமே இல்லை என்று உன்னிடம் சாதிப்பார். தூக்கத்தில்கூட என் கையை விடுவதில்லை. கம்பளி உள்ளாடை போட்டுக்கொள். கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உன் அன்பு அம்மா,
ஆர்டித்