அண்ணன் பேரில் பாஸ்போர்ட்

புரைதா, சவுதி அரேபியா
3.5.1997

மதினி அவர்களுக்கு அழகுராஜா எழுதுவது.

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செல்வி சாப்பிடுகிறாளா, அதை மட்டும் கேட்கிறேன்.

அன்றைக்குப் போனில் உங்களிடம் ஒரு பேச்சுத்தான் பேச முடிந்தது. "மதினி, அண்ணன் சாவைப் பதிஞ்சுராதீங்க" என்றேன். "என்னடா சொல்ற" என்று நீங்கள் கேட்கும்போதே லைன் போய்விட்டது. சாவு விழுந்த வீட்டுக்குப் போன் போட்டு முதல் வார்த்தையாக இதைச் சொன்னவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். காறித் துப்பியிருப்பீர்கள். துப்புங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். அண்ணன் பத்தாவது பாஸ். அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போக அவர் பாஸ்போர்ட்டுக்குத் தடை கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவன், எனக்குத் தடை உண்டு. அவருக்கு விசா வந்த அதே மாதம் யூனியன் ஆபீஸ் வேலைக்கும் ஆர்டர் வந்தது. "விசாவ எதுக்குடா வீணாக்கணும், நீ போ" என்று அண்ணன்தான் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். ஏஜெண்டு அவர் போட்டோவை உரித்துவிட்டு என்னுடையதை ஒட்டினார். தலை மாற்றுவது என்று அதற்குப் பேர். அன்றைக்கு நம் வீட்டில் கறிச்சோறு. இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று நம் ஆட்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணன் பொருள் தம்பிக்கு, அவ்வளவுதான்.

ஆறு வருஷமாக இங்கே நான் நல்லகாமன். மனைவி பேர் என்ற இடத்தில் அன்னக்கொடி என்று இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் அக்டோபர் பத்தாம் தேதியோடு முடிகிறது. புதுசுக்கு எழுதிப் போட்டால் நம்மூர் ஸ்டேஷனுக்கு விசாரணை வரும். நல்லகாமன் செத்துவிட்டார் என்று அங்கே எழுதினால், இங்கே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறவன் யார் என்று கேட்பார்கள். இங்கே ஜெயில். அது முடிந்து ஊருக்கு வந்தால் அங்கேயும் ஜெயில்.

அண்ணனுக்காக வாய்விட்டு அழவும் வழியில்லை மதினி. என்ன ஆச்சு என்று ரூமில் கேட்டார்கள். தம்பி இறந்துவிட்டான் என்றேன். பேர் கேட்டார்கள். அழகுராஜா என்றேன்.

அழகுராஜா


அலங்காநல்லூர்
28.5.1997

கொழுந்தன் அழகுராஜாவுக்கு மதினி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். கோபம் வரும்போதெல்லாம் எடுத்துப் படிப்பதற்கு வேண்டும்.

உன் அண்ணன் மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் கிடந்தார். கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடைசி இரண்டு நாள் என்னையே யாரென்று கேட்டார். வீட்டில்தான் உயிர் போனது. கொள்ளி வைக்க நீ இல்லை. உன் மாமன் மகன் வைத்தான். பதினாறாம் நாள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். செல்விக்கு ஏழு வயசு. தூணைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் யாராவது உனக்குச் சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

இப்போது என் கதையைக் கேள். யூனியன் ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். "எறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டையும் கொண்டாந்து குடும்மா. நீயும் பத்தாவது பாஸு. அவரு வேலை ஒனக்குத்தான்" என்றார். நான் பத்தாவது பாஸ் என்று உங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் அவர்தான். கிராம அதிகாரியோ, "இருபத்தோரு நாளு தாண்டிருச்சு, ஏன் இன்னும் பதியல? ஒரு வருசம் போச்சுன்னா அப்புறம் கோர்ட்டுதான்" என்கிறார். தலை சுற்றுகிறது, மாமா வந்து பதிவார், என்றெல்லாம் சொல்லிச் சமாளிக்கிறேன்.

நீ ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நான் நினைப்பேனா. சோறு போட்டு வளர்த்தவள் நான். ஆடி முடியும் வரை பொறுக்கிறேன். அதற்குமேல் என்னைக் கேட்காதே. செத்தவரைச் செத்தார் என்று சொல்லக்கூட ஒருத்தனிடம் அனுமதி கேட்கிற நிலைமை எனக்கு வந்திருக்கிறது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மதினி அன்னக்கொடி


புரைதா
26.6.1997

மதினி அவர்களுக்கு,

பரவை கண்ணுச்சாமி அண்ணன் லீவில் வருகிறார். தபாலில் போடப் பயந்து அவர் கையில் கொடுத்து விடுகிறேன். அவருக்கு எல்லாம் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. முதலாளியின் ஆள் ரியாத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். முதலாளியை இங்கே கபீல் என்பார்கள். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் அவர் பெட்டிக்குள்தான். விசாரணை இன்னும் ஒரு மாதத்துக்குள் ஊருக்கு வரும் என்கிறார்கள்.

ஏட்டு வந்தால், என் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஆதாரம் கேட்டால் காட்ட ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத்துரை மாமாவிடம் நான் காலில் விழுந்து கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை எழுதாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். அன்றைக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், நெற்றியில் பொட்டும் கழுத்தில் ஒரு மஞ்சக் கயிறும் இருந்தால் நல்லது. வெறுங்கழுத்தோடு நின்று வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார் என்றால் ஏட்டு நம்ப மாட்டார். என்னை மன்னிக்க வேண்டாம் மதினி. காப்பாற்றினால் போதும்.

அழகுராஜா

(இதோடு வைத்த கடிதம்)

1.6.1997

என் பிரியமுள்ள அன்னக்கொடிக்கு,

நான் இங்கே சுகம். வேலை நல்லபடியாகப் போகிறது. வெயில் அதிகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். செல்வியைப் பள்ளிக்கூடத்துக்குத் தவறாமல் அனுப்பு. நீ வைக்கிற கருவாட்டுக் குழம்பை நினைத்தால் இங்கே சோறு இறங்க மாட்டேன் என்கிறது. பாஸ்போர்ட் புதுசாக வந்ததும் லீவு கேட்டு வருகிறேன். செல்விக்கு முத்தம்.

உன் கணவன்
நல்லகாமன்


அலங்காநல்லூர்
4.8.1997

அழகுராஜாவுக்கு,

வெள்ளிக்கிழமை ஏட்டு வந்துவிட்டுப் போனார். நீ தப்பித்தாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

பதினோரு மணி இருக்கும். வெள்ளைத்துரை மாமா சைக்கிளில் முன்னால் வந்து, "ஆத்தா, ஏட்டு கம்மாக்கரையில வாராரு" என்றார். நான் உள்ளே போனேன். ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கண்ணாடியிலிருந்து உரித்து வைத்தேன். நூலில் மஞ்சளைத் தடவி நானே கட்டிக்கொண்டேன். முதல் தடவை கட்டினபோது நாத்தனார் முடிச்சுப் போட்டாள். இந்தத் தடவை ஆள் இல்லை. இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

ஏட்டு நல்ல மனுசன்தான். மோர் வாங்கிக் குடித்தார். "வீட்டுக்காரரு எப்பம்மா வருவாரு" என்று கேட்டார். லீவு கிடைச்சதும் வருவாரு என்றேன். நீ எழுதின கடிதத்தைக் காட்டினேன். சத்தமாகப் படித்தார். கருவாட்டுக் குழம்பு வரைக்கும் வந்து சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உன் அண்ணன் என்னோடு வாழ்ந்த காலத்தில் எனக்கு ஒரு வரி எழுதினதில்லை. அவர் பேரில் எனக்கு வந்த ஒரே கடிதம் இதுதான், அதுவும் உன் கையெழுத்தில்.

பிறகு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மேற்படி நல்லகாமன் என் கணவர், உயிருடன் சவுதி அரேபியாவில் வேலை செய்து வருகிறார் என்று எழுதியிருந்தது. போட்டேன். மாமாவும் பக்கத்து வீட்டு முனியாயி அத்தையும் கீழே போட்டார்கள். அத்தை கைநாட்டு வைத்துவிட்டு மாட்டுக் கொட்டத்துக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து செல்வி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். "அப்பா வந்துட்டாராம்மா" என்று வீட்டுக்குள் ஓடினாள். ஏட்டு அதையும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு போனார். மற்றதை நீயே நினைத்துப் பார்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் லீவு போட்டு வா. வந்து அதைக் கிழித்துப் போடு. தை வரைக்கும் சாவை மறைக்கிறேன். உன் அண்ணன் மேல் எனக்கிருந்த பாசத்துக்கு இதுதான் எல்லை.

மதினி அன்னக்கொடி


புரைதா
2.11.1997

மதினி அவர்களுக்கு,

உங்களைத் தெய்வம் என்று எழுதினால் திட்டுவீர்கள். அதனால் எழுதவில்லை.

புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஏழு வரைக்கும் கவலை இல்லை. ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கபீலிடம் கொடுத்துவிட்டேன்.

லீவு கேட்டேன். இப்போது கிடையாது என்கிறார். புதுசாக இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டால்தான் தங்கும் அட்டை என்றார். அட்டை இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இரண்டே வருஷம் மதினி. யூனியன் ஆபீஸில் ஃபைல் தூக்கி நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். வீட்டுச் செலவும் செல்வி படிப்பும் என் பொறுப்பு. அண்ணன் இருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்கிறேன். அந்தச் சான்றிதழை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேப்பரில் அண்ணன் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்.

பதில் போடுங்கள். தினமும் தபால் வண்டியைப் பார்க்கிறேன்.

அழகுராஜா


அலங்காநல்லூர்
30.1.1998

அழகுராஜாவுக்கு,

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாக அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்தேன். இப்போது எழுதுகிறேன்.

ஏட்டு வந்துபோன நாளிலிருந்து செல்வி பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வருவதில்லை. பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறாள். மதுரை பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிற ஆட்களைப் பார்த்துவிட்டு இருட்டும்போது வருகிறாள். அடித்தேன். கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா செத்துட்டாரும்மா, நீதான பாத்த என்றேன். "இல்ல. போலீசே எழுதிட்டுப் போச்சே, அப்பா உசுரோட இருக்காருன்னு. நீயும் கையெழுத்துப் போட்டேல்ல" என்றாள். பொங்கலுக்குப் புதுத்துணி கட்டிக்கொண்டும் அங்கேதான் நின்றாள். பெற்ற பிள்ளைக்கு அவள் அப்பனின் சாவைக்கூட நான் கொடுக்கவில்லை. அதுதான் நஷ்டம்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். வெள்ளைத்துரை மாமாவும் அத்தையும் நான் கெஞ்சினதால் போட்டார்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்றேன். காலையிலிருந்து மூன்று மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் பேரில் வழக்கு வரும். ஏட்டு என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்கும் இதில் கெட்ட பேர்தான்.

பிறகு அபராதம் கட்டிச் சாவைப் பதிந்தேன். யூனியன் ஆபீஸில், "கேஸு முடியட்டும்மா, அப்புறம் பாப்போம்" என்றுவிட்டார்கள். வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் கணக்குச் சிட்டை எழுதப் போகிறேன். நீ பணம் அனுப்ப வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ அந்தப் பேரில் அனுப்பினால் அது மறுபடியும் அவர் அனுப்பினதாகத்தான் வீட்டுக்குள் வரும்.

சான்றிதழைச் செல்விக்கு நானே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். பேர், தேதி, ஊர் எல்லாவற்றையும் அவளும் விரல் வைத்துப் படித்தாள். அன்றைக்குத்தான் அப்பாவுக்காக அழுதாள். மறுநாள் நேரே வீட்டுக்கு வந்தாள்.

உன்னை மாட்டிவிட்டேன். அது எனக்குத் தெரியும், மறைத்துப் பேசவில்லை. ரியாத்துக்குப் பேப்பர் போய்ச் சேர ஒரு மாதமாவது ஆகும் என்று கண்ணுச்சாமி அண்ணன் சொன்னார். அதற்குள் நீயே எம்பசிக்குப் போய் உண்மையைச் சொல். அவர்களாகப் பிடிப்பதும் நீயாகப் போய்ச் சொல்வதும் ஒன்றில்லையாம். நீ யாரென்று காட்ட உன் எட்டாம் வகுப்பு டி.சி.யையும், அண்ணனின் சான்றிதழ் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். ஜெயில் இருக்கும். எத்தனை மாதம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விட்டால் நேரே இங்கே வா. மற்றவர்கள் என்ன சொன்னாலும் உனக்கு இந்த வீட்டில் சோறு உண்டு. சண்டை போடுவேன், அதையும் நீ சாப்பிட்ட பிறகுதான் போடுவேன்.

இந்த உறையின் மேலும் நல்லகாமன் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு பேர் எழுதினால் உன் கைக்கு வந்து சேராது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரை எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியாது. இனி அந்தப் பேருக்கு நான் கடிதம் போட மாட்டேன். உன் பேருக்கு எழுத ஒரு விலாசம் கிடைத்தால், அது ஜெயில் விலாசமாக இருந்தாலும் சரி, தெரியப்படுத்து. எழுதுகிறேன்.

மதினி
அன்னக்கொடி