இப்போது இருக்கிற வீடு

ஜூன் 16, வியாழன்

காலையிலேயே வெயில். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காம்பார் போகிற பஸ்ஸில் இன்றும் கண்டக்டர் நான் டிக்கெட் கேட்டால் முறைக்கிற ஜனங்கள்.

வேலை முடிந்து வந்தால் மாடிப்படிக்குக் கீழே நோட்டீஸ். வீட்டு இலாகா ஒட்டியது. யார் பெயருக்கு வீடு கொடுத்தார்களோ அவர்கள்தான் அதில் இருக்க வேண்டுமாம். திங்கள் முதல் வீடு வீடாக வந்து பார்ப்பார்களாம். ஆள் மாறியிருந்தால் வீடு பறிபோகும். எவனோ வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறான், மாட்டிக்கொள்வது நான்.

என் பெயருக்குள்ள வீடு நாலாவது மாடி. நான் இருப்பது கீழ் வீடு. கீழ் வீட்டுக்குச் சொந்தப் பெயர்க்காரன் சீனன் ஆ கியோங், அவன் மேலே இருக்கிறான். குலுக்கலில் வந்த வீடுகளை நாங்களே மாற்றிக்கொண்டோம். என் பெண்டாட்டி லெட்சுமியால் படி ஏற முடியாது. தோட்டத்து லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவள். சமதரையில் கம்பு ஊன்றி நடப்பாள், அவ்வளவுதான். ஆ கியோங்குக்கு ராத்திரியில் மீ நூடுல்ஸ் வியாபாரம், பகலில் தூக்கம். கீழே பிள்ளைகள் சத்தம் தாங்காது. அவனுக்கு மேலே, எனக்குக் கீழே. யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போதே இலாகாவுக்கு நடையாய் நடந்து கேட்டேன். ‘குலுக்கல்ல விழுந்தது விழுந்ததுதான்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் இங்கே காவல்காரரிடம் சொன்னேன், தலையை ஆட்டினார். அதுவே போதும் என்று நினைத்தேன். தோட்டத்தில் அப்படித்தானே. தொழிலாளர் லயத்தில் வீடு மாற வேண்டுமென்றால் ஆபீஸ் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டுச் சாமானைத் தூக்கலாம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று இவ்வளவு காலம் ஆகியும் என் புத்தி மட்டும் இன்னும் லயத்தில்.

சமையல் கேஸ் தோங் காலியாகப்போகிறது. கடைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

லெட்சு பின்னால் உள்ள மாரியம்மன் கோயிலுக்குத் தானே போய்விட்டு வந்தாள். எனக்கும் விபூதி. காலையில் காய்கறி வேன்காரனோடு சண்டை போட்டுக் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறாள். சாயந்தரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரிடமும் பேச்சு. தோட்டத்தை விட்டு வந்த புதிதில் ஊமை மாதிரி கிடந்தவள். இந்தக் கீழ் வீடுதான் அவளை மனுஷியாக்கியது. நோட்டீஸ் விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆ கியோங்தான் வழி சொன்னான். “நாலு நாளைக்கு மாறிக்கலாம் லா மச்சான். ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் பழையபடி.”

“லெட்சு?”

“தூக்கிட்டுப் போலாம்.”

கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

ஜூன் 19, ஞாயிறு

கை, தோள், முதுகு எல்லாம் வலி.

மேலே போனவை: பாய், மெத்தை, சட்டி பானை, துணி மூட்டை, அம்மி (எதற்கு? கேட்டால் சண்டை), முருகன் படம். கீழே வந்தவை: ஆ கியோங்கின் சிவப்புச் சாமி மேடை, கட்டில், மீ சட்டி.

முருகன் முதலில் போக வேண்டும் என்று லெட்சு பிடிவாதம். “அவரு போகட்டும், அப்புறம் நான் வாரேன்.” முருகனைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். இறங்கி வந்து பார்த்தால் வாசலில் நாற்காலியில் புதுச்சேலையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி.

நான், ஆ கியோங், அவன் தம்பி, இரண்டாவது மாடி மலாய்க்காரர் சே மாட். சே மாட் ரமலான் நோன்பு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நாற்காலியோடு தூக்கினோம். படித் திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. லெட்சு கத்தினாள்.

“நாலு பேரு தூக்குற காலம் எனக்கு இன்னும் வரலை. பார்த்துத் தூக்குங்க!”

சே மாட் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்றேன்.

மேலே போய் உட்கார வைத்ததும் யாரையும் பார்க்காமல் சேலையைச் சரிசெய்தாள். “கேஸ் தோங்கைக்கூட இதைவிட மரியாதையா ஏத்துவானுங்க.” சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது?

கீழ் வாசலில் தோரணத்தை அவிழ்த்தாயிற்று. நிலைப்படி மஞ்சள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஜூன் 20, திங்கள்

லீவு. ஆபீசர் வரவில்லை.

ஜூன் 21, செவ்வாய்

மறுபடி லீவு. பஸ் கம்பெனியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஆபீசர் வரவில்லை. பக்கத்து பிளாக் வரை வந்தார்களாம், மழை வந்ததால் திரும்பிவிட்டார்களாம். மழை! சர்க்கரையா இவர்கள், கரைந்து போக?

காய்கறி வேன் ஹாரன் அடித்தது. லெட்சு கம்பை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், படியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 23, வியாழன்

வேலைக்குப் போனேன், மனசு போகவில்லை. லூமுட் போகிற ஆளுக்குக் காம்பார் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டேன். நல்ல பேச்சு வாங்கினேன்.

கீழே ஆ கியோங்குக்குத் தூக்கமில்லை. கண் சிவந்து கிடக்கிறான். “மச்சான், உங்க ஆளுங்க பிள்ளைங்க, எங்க ஆளுங்க பிள்ளைங்க, எல்லாம் ஒரே சத்தம் லா.”

லெட்சு இப்போது சேலைக் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குகிறாள். வேன்காரன் தனக்குத் தோன்றியதைப் போட்டு அனுப்புகிறான். இன்று முற்றின வெண்டைக்காய். சண்டை போட ஆள் நாலு மாடிக்குக் கீழே. அதையே சமைத்தாள்.

ஜூன் 24, வெள்ளி

வந்துவிட்டார்கள்!

முதலில் கீழ் வீடு. ஆபீசர் சாமி மேடையைப் பார்த்தாராம், தலையாட்டினாராம், நிலைப்படியைப் பார்த்தாராம். இது என்ன மஞ்சள்? ஆ கியோங் பெண்டாட்டி, “கறி கொட்டிருச்சு” என்றாளாம். கெட்டிக்காரி.

அப்புறம் மேலே. ஆபீசர் பருத்த மனிதர், நல்ல முகம். நோன்பு வேறு. நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். தண்ணீர் கொடுக்கவும் முடியாது. நாற்காலியைப் போட்டேன். ஆ கியோங்கும் உதவிக்கு வருகிற மாதிரி பின்னாலேயே வந்துவிட்டான்.

எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எப்போது வந்தீர்கள், எத்தனை பேர், எங்கே வேலை. அவர் அதை எல்லாம் கேட்கவில்லை. மூலையில் இருந்த கம்பைப் பார்த்தார். லெட்சுவைப் பார்த்தார்.

“அம்மா எப்படிக் கீழே போறாங்க?”

லெட்சுதான் சொன்னாள், அவளுடைய பாதி மலாயில். “போறதில்லை, என்சிக்.”

அந்த மனிதருக்கு முகம் வாடிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குக் கீழ் வீடு கொடுக்க வேண்டும், இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்றார். நான் எத்தனை தரம் நடந்தேன் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இதே பிளாக்கில் கீழே யாராவது மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று கேட்டார்.

“போலே, போலே! ஆகும் லா, நான் சம்மதம்!” கேள்வி முடிவதற்குள் ஆ கியோங். காலை மிதித்தேன், அப்புறம்தான் நிறுத்தினான்.

ஆபீசர் சிரித்தார். சிபாரிசு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். சட்டப்படி கீழ் வீடு! லெட்சு முருகனுக்கு விளக்கு ஏற்றினாள். ஆ கியோங் ஒரு பெரிய பொட்டலம் மீ கொண்டுவந்தான். எல்லாரும் நாலாவது மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல நாள்.

ஜூன் 27, திங்கள்

நல்ல நாளாம். என் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

இலாகாவுக்குப் போனேன். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண். சிரித்த முகமாகத்தான் பேசியது.

“கூட்டத்துல வைக்கணும்ணே. நோன்புப் பெருநாள் கழிஞ்சுதான் கூட்டம். வருஷக் கடைசி ஆனாலும் ஆகும்.”

“அது வரைக்கும் என்னம்மா பண்றது?”

“இப்ப இருக்கிற வீட்லயே இருங்க.”

“அவளால படி இறங்க முடியாதும்மா.”

“அதுக்குத்தானேண்ணே மாத்தித் தர்றோம். பெர்மிட் வர்றதுக்கு முன்னால மட்டும் மாறிடாதீங்க. உங்க ரெண்டு வீட்டையும் குறிச்சு வச்சிருக்கு, எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்பாங்க. மாறினது தெரிஞ்சா ரெண்டும் போயிடும்.”

அந்தப் பெண் மேல் என்ன கோபப்படுவது? அந்த ஆபீசர் மேல்தான் என்ன கோபம்? நல்ல மனிதர், நல்லது செய்ய வந்தார். கண்டும் காணாமல் போகிற ஒரு சோம்பேறி வந்திருந்தால் அன்றைக்கே பழையபடி கீழே இறங்கியிருப்போம்.

வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்தேன். இனிப்பே இல்லை.

ஜூன் 28, செவ்வாய்

லெட்சுவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். எவன் வந்தாலும் வரட்டும், இன்றைக்கே கீழே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கத்தினேன்.

“ஆ கியோங் பிள்ளைங்களையும் தெருவுக்கு இழுக்கணுமா? நான் இருந்துக்கிறேன்.”

“எத்தனை மாசம்னு தெரியாதுடி.”

“உங்களை யாரு கேட்டா? பூண்டை எடுத்து வைங்க.”

கோயிலுக்கு மட்டுமாவது வெள்ளிக்கிழமை தூக்கிப் போகிறோம் என்றேன். வேண்டாமாம். ஒரு தரம் தூக்கினதே போதுமாம்.

ஜூலை 2, சனி

கடைசி பஸ் லேட். வரும் வழியில் வெற்றிலை வாங்கினேன். யோசனையில் நடந்து வந்து நேரே கீழ் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறேன், திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஆ கியோங் பெண்டாட்டி திறந்து, என்னையும் சாவியையும் பார்த்துவிட்டு, பாவம், உள்ளே வரச் சொல்லி வழி விட்டாள்.

வாசலில் லெட்சுவின் நாற்காலி இருந்த இடத்தில் மீ வண்டி.

மேலேயிருந்து குரல். அண்ணாந்து பார்த்தேன். லெட்சு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எங்க போறீங்க? நம்ம வீடு இங்க இருக்குங்க!”

பிளாக் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். கூடையை இறக்கினாள், வெற்றிலையைப் போட்டேன், மேலே போனது. நான் அங்கேயே நின்றேன்.